ராஜபாதையில் துடுப்பு வலித்தவர்கள்

பட்டறைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள். நாம் செய்வது என்ன வேலை என்று உங்களில் ஒருவர்கூட வீட்டில் சரியாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லவும் முடியாது. அலங்கார ஊர்தி கட்டுகிறேன் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு கார் ஜோடிக்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் தில்லி கிட்வாய் நகரில் என் மனைவியின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், அந்தத் தெருவிலேயே அரசாங்க உத்தியோகம் இல்லாத ஒரே தமிழ் ஆண்பிள்ளை நான்தான். என் மனைவி என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் "அவர் ஜனவரியில் ரொம்ப பிஸி" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். மற்ற பதினோரு மாதம் என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவர்கள்.

நீங்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து, மேலும் கீழும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இரும்பைத் தொடுகிறீர்கள். நல்லது. எங்கள் காலத்தில் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் கிரேன் கூப்பிட வேண்டும். ஆனாலும் திரையில் தெரியாத ஒன்றைப் பற்றி இன்று சொல்லத் தோன்றுகிறது. கதை தொண்ணூறுகளில் நடந்தது.

அதற்குமுன் எங்கள் முதலாளியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பஞ்சாபி மனிதர், பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை, எல்லோருக்கும் லாலாஜிதான். எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம், ஆனால் அவர் எதையுமே சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார். "க்யா கமீ ஹை?" என்ன குறைகிறது? பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டுச் சமையல்காரரிடம் கேட்பார். வெல்டிங் முடிந்த சட்டத்தைச் சுற்றி வந்து எங்களிடம் கேட்பார். பதில் சொல்லும்வரை நகரமாட்டார்.

ஒரு வருஷம் தலையாட்டும் யானை ஒன்று செய்தோம். தலை குலுங்காமல் ஆடவேண்டும் என்று நாள் கணக்காக மல்லுக்கட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, பேரிங்கை மாற்றி, கடைசியில் நிஜ யானையே வெட்கப்படும்படி ஆடியது. லாலாஜி வந்து பார்த்தார். க்யா கமீ ஹை? நாங்கள் ஆளுக்கொரு மூலையில் நின்று ஸ்பிரிங்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பாரி இருந்தது, மணி இருந்தது, முகபடாம் இருந்தது. பாகன் இல்லை. பாகன் உட்காரவே இடம் விடாமல் யானையைக் கட்டி முடித்திருந்தோம். பிறகு கழுத்தை அறுத்து, பாகனை ஏற்றி, திரும்ப ஒட்டினோம்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். ஒரு மாநிலத்திலிருந்து பழங்கால வணிகக் கப்பல் ஒன்றைக் குடியரசு தின அணிவகுப்புக்குக் கட்டித் தரும் வேலை வந்தது. மாநிலத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வந்த படகோட்டிகள் தமிழ் பேசினார்கள் என்று மட்டும் சொல்கிறேன், மீதியை நீங்கள் கண்டுபிடித்தால் அது உங்கள் சாமர்த்தியம். கப்பலின் இரண்டு பக்கமும் வரிசையாக நீண்ட துடுப்புகள். அவை அத்தனையும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழ வேண்டும். அதற்கான பொறி என் பொறுப்பு.

பொறி எளிமையானது. கப்பலுக்குள் ஒளிந்திருக்கும் டிராக்டர் வண்டியை இழுக்கும். வண்டிச் சக்கரத்திலிருந்து ஒரு செயின் போய் நடுவிலிருக்கும் தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து பக்கத்துக்கு ஒரு நீளக் கம்பி, அந்தக் கம்பியோடு எல்லாத் துடுப்புகளின் உள்முனையும் இணைந்திருக்கும். வண்டி நகர்ந்தால் துடுப்பு வலிக்கும், வண்டி நின்றால் துடுப்பும் நிற்கும். யாரும் தொட வேண்டாம். கைப்பிடியைப் பிடித்தபடி ஆட்கள் உட்கார்ந்திருந்தால் போதும், துடுப்பே அவர்கள் கையை ஆட்டிவிடும். முதல் நாள் அது ஓடியபோது நான் மூன்று கப் டீ குடித்தேன், மூன்றும் யாரோ வாங்கிக் கொடுத்தது. அத்தனை பெருமை எனக்கு.

பிறகு ஆட்கள் வந்தார்கள். அதுதான் வினை.

கலாச்சார அதிகாரி ஒருவர் மாநிலத்திலிருந்து கூடவே வந்திருந்தார். எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கப்பலில் உட்கார நாடகக்காரர்களை அழைத்து வராமல், கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து கரைவலைத் தோணிக்காரர்களையே ரயிலேற்றிக் கூட்டிவந்துவிட்டார். கரையிலிருந்து பெரிய வலையைக் கடலுக்குள் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு வரும் தோணி அது. அதில் துடுப்பு வலித்தே தோள் அகன்ற மனிதர்கள். அவர்களுக்குத் தலைவர் சூசை என்பவர், ஐம்பதை ஒட்டிய வயது, பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பை ஒளித்துவைத்திருப்பவர்.

டிசம்பர் கடைசிக் குளிரில் வேட்டி சட்டையோடு வந்து இறங்கினார்கள். என் மனைவி கிட்வாய் நகரிலும் கோல் மார்க்கெட்டிலும் தெரிந்த வீடுகளிலெல்லாம் ஸ்வெட்டர் கேட்டு வாங்கினாள். கிடைத்ததில் பாதி பெண்களுடையது. கண்டோன்மென்ட் பக்கத்தில் அணிவகுப்புக்காரர்கள் தங்கும் முகாமில், ரோஜாப்பூ பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சூசை விறைப்பாக நடந்துபோனதைப் பார்த்து, பக்கத்துக் கூடாரத்து மணிப்பூர் நடனக்காரிகள் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை. அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. பூ நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

முதல் ஒத்திகை. எல்லோரும் துடுப்பைப் பிடித்தார்கள், டிராக்டர் கிளம்பியது, பொறி துடுப்பை ஆட்டியது. ஆயுள் முழுக்கத் துடுப்பு வலித்தவர்களுடைய கை சும்மா இருக்குமா? அவர்களும் வலித்தார்கள். அவர்களுக்கென்று ஒரு பாட்டு, பாட்டுக்கென்று ஒரு வேகம். டிராக்டருக்கு வேறு வேகம். இரண்டும் மோதி, என் நீளக் கம்பி வில்லாக வளைந்தது. ஓட்டுநர் பல்பீர் திடீரென்று பிரேக் போட்டதும், நின்றுபோன துடுப்பு ஒருவர் நெஞ்சில் இடித்தது.

பலமாக வலிக்கக் கூடாது, சும்மா தொட்டுக்கொண்டிருங்கள் என்று அதிகாரி சொன்னார். தொட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. டி.டி.சி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். சரி, பொறியே வேண்டாம் என்று கம்பியையும் செயினையும் கழற்றிவிட்டு, அவர்களையே வலிக்கச் சொன்னேன். சூசை பாட்டை எடுத்தார், எல்லோரும் உந்தி இழுத்தார்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மல்லாந்து விழுந்தார்கள். காற்றில் துடுப்பு வலித்தால் வேறென்ன ஆகும்? பிடித்து நிறுத்த எதிரில் ஒன்றும் இல்லையே. பல்பீர் டிராக்டரை விட்டு இறங்கிவந்து சிரித்தான். சூசையும் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

மறுநாளே தில்லிக் கல்லூரியிலிருந்து பிள்ளைகளை வரவழைத்தார் அதிகாரி. நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஜனக்புரி, ஆர்.கே. புரம் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், "அச்சா அங்கிள், எங்க பிடிக்கணும்?" என்று கேட்டவர்கள். கடலைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. பழைய பொறியை மாட்டி அவர்களை உட்காரவைத்தால், அடடா, என்ன அழகு. பொறி கையை எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போனார்கள். துடுப்பு வலிக்கத் தெரியாததால் துடுப்பு வலிப்பதுபோல் பிரமாதமாக நடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அதிகாரிக்கு மனம் நிறைந்துவிட்டது. முழு ஒத்திகைக்கு முன்னால் தோணிக்காரர்களை ஊருக்கு ரயிலேற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்.

அன்று சாயங்காலம் சூசை பட்டறைப் பக்கம் வந்தார். ரோஜாப்பூ ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று புரிந்தது. கொடுக்காமல் பேச ஆரம்பித்தார்.

"ஊர்ல என் மச்சான் இருக்கான் சார். டெல்லியில ஏதுடா கடல், பொம்மையாட்டம் உக்கார வைக்கத்தான் உங்கள கூட்டிட்டுப் போறானுவன்னான். நாங்க வலிக்கத்தான் போறோம்னு நான் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப பொம்மையாக்கூட ஆவாம போறோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் பொறி சரியாகத்தான் ஓடுகிறது, கல்லூரிப் பிள்ளைகளை வைத்தால் கைதட்டலும் கிடைக்கும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியிருந்தும் மனசு கேட்கவில்லை. ஸ்வெட்டரை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன், போட்டுக்கொண்டு போங்கள் என்றேன்.

லாலாஜி கணப்பு பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறி இருந்தால் ஆட்கள் மோதுகிறார்கள், பொறி இல்லாவிட்டால் ஆட்கள் விழுகிறார்கள், நான் என்னதான் செய்ய என்றேன். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டுத் தன் கேள்வியைக் கேட்டார். க்யா கமீ ஹை?

எரிச்சலாக வந்தது. கப்பலில் எல்லாம் இருக்கிறது. துடுப்பு இருக்கிறது. பாட்டு இருக்கிறது. இந்த முறை ஆளும் இருக்கிறான், யானை மாதிரி இல்லை. வாய்க்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றேன். தண்ணீர் இல்லை. அதுநாள்வரை துடுப்பு வலிக்கும் பொறி செய்துகொண்டிருந்தேன். துடுப்பு வலிக்கத்தான் ஊரிலிருந்து ஆட்களே வந்திருக்கிறார்களே, அவர்களுக்கு நான் செய்து தர வேண்டியது தண்ணீர்.

லாலாஜியிடம் சொன்னேன். அவர் கை நிறைய வேர்க்கடலையை என் கையில் வைத்தார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான்.

காலையில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ப் பழைய லாரி ஒன்றின் பிரேக் டிரம்மை வாங்கிவந்தேன். சக்கரத்திலிருந்து வரும் செயினைக் கழற்றினேன். தண்டு, நீளக் கம்பி, துடுப்பு எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும், ஆனால் தண்டின் மேல் பிரேக் டிரம். இப்போது வண்டி துடுப்பை ஆட்டாது. ஆட்கள்தான் வலிக்க வேண்டும். கம்பி அவர்களை ஒன்றாகக் கட்டிவைக்கும், பிரேக் அவர்களை எதிர்த்துப் பிடிக்கும். அதே பொறிதான், ஓட்டுகிறவரை மட்டும் மாற்றிவிட்டேன்.

சூசையை உட்காரவைத்தேன். வலித்தார். யாரும் மல்லாந்து விழவில்லை. ஆனால் முகம் சுளித்தார்.

"இது கடல் இல்ல சார். சேறு."

பிறகுதான் உறைத்தது. துடுப்பை இழுக்கும்போது தண்ணீர் எதிர்க்கும். தூக்கித் திருப்பும்போது வெறும் காற்று, எதிர்க்காது. என் பிரேக் இரண்டு பக்கமும் கவ்வியது. அதைத் தண்டின் பாதிச் சுற்றில் மட்டும் கவ்வி, மீதிப் பாதியில் விட்டுவிடும்படி மாற்றிக் கட்டினேன். மறுபடியும் உட்கார்ந்தார்கள். இந்த முறை சூசை முகம் சுளிக்கவில்லை. இரண்டு முறை வலித்துப் பார்த்தார், மூன்றாவது முறை பாட்டை எடுத்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு மணிப்பூர்க் கூடாரம் காலியாகி எங்கள் பக்கம் வந்துவிட்டது.

அதிகாரியும் வந்தார். பார்த்தார். பிடித்திருந்தது, ஆனால் பயந்தார். பயந்ததில் தப்பில்லை, அவர் இடத்தில் நானும் பயந்திருப்பேன்.

"ஜனாதிபதி முன்னாடி இவங்க நிறுத்திட்டா? யாருக்குப் பதில் சொல்றது நான்?" என்று கேட்டார்.

தம்பிகளே, இந்த இடத்தில் வீர வசனம் பேசத் தோன்றும். பேசாதீர்கள். நான் அவரைக் கூட்டிப்போய் ஒரு சாக்குப் பையைக் காட்டினேன். கழற்றிய செயின் துடைத்து எண்ணெய் போட்டு அதற்குள் இருந்தது. முழு ஒத்திகை சொதப்பினால் மதியத்துக்குள் செயினை மாட்டிவிடுகிறேன், கல்லூரிப் பிள்ளைகளையும் தயாராக வைத்திருங்கள் என்றேன். பழையதை எறிந்துவிட்டுப் புதியதை நம்பச் சொன்னால் எந்த அதிகாரியும் தலையாட்ட மாட்டார். பழையது சாக்கில் பத்திரமாக இருந்தால் தைரியம் வரும். வந்தது. முழு ஒத்திகை நன்றாக நடந்தது. செயின் சாக்கிலேயே இருந்தது.

ஜனவரி இருபத்தாறு. ராஜபாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. அன்றும் அப்படித்தான். கப்பலின் அடித்தளத்துக்குள், டீசல் புகையில், பிரேக் டிரம்முக்குப் பக்கத்தில் கையில் ஸ்பானரோடு குந்தியிருந்தேன். மேலே பலகைக்கு அந்தப் பக்கம் சூசையும் ஆட்களும், பழங்காலத்து மாலுமி வேஷத்தில், தோல் நிறத்துப் பனியன் போட்டுக்கொண்டு. பூ ஸ்வெட்டர் கூடாரத்தில் இருந்தது.

அன்று வெயில் வரவே இல்லை. விடியற்காலைப் பனி இறங்கி டிரம்மெல்லாம் ஈரம். கிளம்பும்முன் சுழற்றிப் பார்த்தால் பிரேக் வழுக்கியது. வழுக்கினால் திரும்பவும் மல்லாந்து விழுவார்கள், இந்த முறை நாடே பார்க்கும். நட்டை இறுக்கினேன். பிடித்தது. கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் போனதும் டிரம் சூடேறி ஈரம் காய்ந்தது. காய்ந்ததும் நான் இறுக்கிய இறுக்கம் முழுசாக வேலை செய்ய ஆரம்பித்தது. எனக்குக் கண்ணால் தெரியவில்லை, காதால் தெரிந்தது. பலகையில் அவர்கள் கால் உதைக்கும் சத்தம் கனத்தது. பாட்டின் நடுவில் மூச்சு வாங்குவது கேட்டது. நான்தான் அதிகமாக இறுக்கிவிட்டேன், தளர்த்த வேண்டும் என்று ஸ்பானரை நட்டில் வைத்துவிட்டேன்.

வைத்தவன் திருப்பவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிரேக்கில் எவ்வளவு திருப்பினால் எவ்வளவு தளரும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் கூடிப்போனால் மேலே அத்தனை பேரும் சரிவார்கள். வெளியே பேண்டு சத்தமும் ஒலிபெருக்கியில் வர்ணனையும் நெருங்கிவந்தன, ஜனாதிபதி மேடையை நெருங்கிவிட்டோம் என்று தெரிந்தது. என் கை என்னைக் கேட்காமலே திருப்பத் துடித்தது. நம் தொழிலில் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு, உங்களுக்கும் வரும். ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் வேலை செய்கிறோம் என்று தோன்றும். நான் பாட்டை மட்டும் கேட்டேன். மூச்சு வாங்கியது, ஆனால் தாளம் தப்பவில்லை. தாளம் தப்பினால் திருப்புவோம் என்று முடிவு செய்தேன். தப்பவில்லை. ஸ்பானர் நட்டிலேயே இருந்தது, வர்ணனைச் சத்தம் பின்னால் போய்த் தேய்ந்தது. செங்கோட்டைவரை அப்படியே குந்தியிருந்ததில், இறங்கும்போது கால் மரத்துப்போய் பல்பீர்தான் என்னைத் தூக்கிவிட்டான்.

முகாமுக்குத் திரும்பியதும் சூசைக்கு போன் பேச வேண்டும். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு நான் கூட்டிப்போனேன். ஊரில் ஏதோ ஒரு கடைக்குப் போட்டு, மச்சானைக் கூப்பிடச் சொல்லி, வைத்துவிட்டு, மறுபடியும் போட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த எனக்கு அவர் முகம் மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டு போனை வைத்தார்.

வெளியே வந்து, மச்சான் சொன்னதை எனக்குச் சொன்னார். டிவியில் முதலில் பொம்மை என்றுதான் நினைத்தானாம். பிறகு பார்த்தால் எல்லார் வாயிலும் ஒரே நேரத்தில் புகை வந்ததாம். குளிரில் வாங்கிய மூச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு புகை, அத்தனை பேருக்கும் சேர்ந்தாற்போல். பொம்மைக்கு ஏதுடா மூச்சு என்று கடையில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மச்சானைக் கேட்டார்களாம்.

கஷ்டப்படுத்திவிட்டேனா, ரொம்ப இறுக்கிவிட்டேன் இல்லையா என்று கேட்டேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். காய்த்துப்போன அந்தக் கையிலும் புதிதாகக் கொப்புளம்.

பிரேக் என்றால் என்ன, டிரம் எங்கே இருந்தது என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்று நான் மாட்டியதைப் பார்த்தவர்தான். ஆனாலும் கொப்புளத்தைத் தடவிக்கொண்டே, ரோஜாப்பூ ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டே, அவர் சொன்னது இதுதான்:

"தண்ணி இன்னைக்குக் கொஞ்சம் கனம் சார்."